தொடையைக் கிள்ளி மறைத்த பல்

லாக்டவுனில் மூடிக் கிடந்த மாட்டுச் சந்தை மறுபடி திறந்து, அதற்கு அடுத்து வந்த மழையில் உத்திரமேரூர் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கலில் தண்ணீர் போனதே, அதைப் பார்க்க ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வண்டியில் வந்து நின்றார்களே, அந்தச் சமயத்தில்தான் என் குரல் போனது. தேதி, மாதம் எல்லாம் எனக்குச் சொல்ல வராது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் ஓட்டிக்கொண்டு போன மாடுகள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. ஒன்று சாம்பல் நிற மயிலை, ஒன்று சிவப்பு நிறச் செவலை. மயிலைக்கு வலது கொம்பு கொஞ்சம் சாய்வு. ஏரிக்கரைமேல் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வழிவிடவில்லை. ஓரம் போகச் சொல்லி அதட்டினேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வெறும் காற்று வந்தது. ஆட்கள் திரும்பாதது பெரிதில்லை. மாடுகளும் திரும்பவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள். மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. “நைனா, பல்லுக்கு வா” என்று இப்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டாள். பல்லுக்குத்தான் வருகிறேன். மாட்டைச் சொல்லாமல் என் பல்லுக்கு வர முடியாது.

நான் மாட்டுத் தரகன். மீசை முளைப்பதற்கு முன்னால் சந்தைக்குப் போனவன். மாட்டின் வயசை விற்கிறவன் கூட்டிக் குறைத்துச் சொல்வான், பல் அப்படிச் சொல்லாது. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழேதான் உண்டு. பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் வந்தால் இரண்டு பல் மாடு என்போம். அப்புறம் நாலு, ஆறு. எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்தது. அதற்கு மேல் தேய ஆரம்பிக்கும். தேய்ந்து, ஆடி, விழ ஆரம்பித்த மாட்டை உழவுக்காரன் வாங்க மாட்டான். சந்தையின் கடைசியில் புளியமரத்துப் பக்கம் அடிமாட்டு லாரி நிற்கும். அங்கே போகும். எத்தனை மாட்டை அந்த லாரிக்குப் பிடித்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாயைப் பிளந்து பார்த்து, பல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கயிறு கைமாறிவிடும்.

விலையை நாங்கள் வாயால் பேச மாட்டோம். இரண்டு பேர் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, பாதி விரலைத் தொட்டால் அரை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்த விரல் கணக்கு பிற்பாடு எனக்கு வேறு விதத்தில் வந்து சேர்ந்தது.

இன்னொரு வித்தையும் எங்களுக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பல்லில் நோவு இருக்கிற மாடு, வாங்குகிறவன் பல்லை அழுத்திப் பார்த்தால் தலையை உதறும். உதறினால் வியாபாரம் போச்சு. அதனால் அவன் வாயில் கை வைக்கும்போது நாங்கள் மாட்டின் காதைப் பிடித்து உள்ளுக்குள் திருகுவோம். பார்க்கிறவனுக்கு, தலையைப் பிடித்துக் கொடுக்கிற மாதிரிதான் தெரியும். காது வலியில் மாட்டுக்குப் பல் வலி மறந்துபோகும். அசையாமல் நிற்கும்.

குரல் போன பிறகு மூன்று மாதம் சும்மா இருந்தேன். மிளகு மென்றேன், பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்தேன். பீடியை மட்டும் விடவில்லை. சந்தையில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அப்புறம் சோறு இறங்கும்போது காது வரைக்கும் குத்த ஆரம்பித்தது. காஞ்சிபுரம் போனோம். தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதையை எடுத்துச் சோதித்து, புற்று என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், கரண்டு வைத்தால் போதும், ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றார்கள். கரண்டு என்று நாங்கள்தான் சொல்கிறோம். அவர்கள் அதற்கு ரேடியேஷன் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

கரண்டு வைப்பதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி வரவேண்டுமாம். தொண்டையில் இருக்கிற கட்டிக்குப் பல்லை எதற்குப் பார்க்கிறார்கள் என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். மாடு வாங்கப்போறவன்கூடப் பல்லைத்தானே முதலில் பார்க்கிறான் என்றாள். சிரிப்பதற்குச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல் டாக்டர் ஒல்லியான ஒரு பெண்பிள்ளை. என் மகளைவிட வயசு குறைவு. நெற்றியில் சின்ன விளக்குக் கட்டிக்கொண்டு, என் தாடையை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் உதட்டை இழுத்துப் பார்த்தது. அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. ஐம்பது வருஷமாக நான் பிடித்த பிடி. ஆனால் அதுவரைக்கும் நான் கயிற்றைப் பிடிக்கிற பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

நாலு பல் சொத்தை, எடுத்துவிடவேண்டும் என்றது. இரண்டு இரண்டாக எடுத்தது. அந்தப் புண் ஆறட்டும் என்று கரண்டை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். ஏன் எடுக்கிறோம் என்றும் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. கரண்டு பட்ட பிறகு எச்சில் வற்றிவிடும், பல் சீக்கிரம் கெடும், தாடை எலும்புக்கு ரத்தம் சரியாகப் போகாது, அப்போது பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறவே ஆறாது என்று. என் வீட்டுக்காரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் கேட்கவில்லை. எட்டில் நாலு போனால் மீதி எத்தனை என்று மாட்டுக் கணக்கே மனசில் ஓடியது. மனுஷனுக்கு முப்பத்திரண்டு என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

கரண்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கூப்பிட்டார்கள். வலது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின கடைவாய்ப் பல்லில் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். படத்தில் ஒரு கீறல் மாதிரி தெரிகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, வலி இருந்தால் இதையும் எடுத்துவிடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றது. ஒரு சின்ன இரும்புக் குச்சியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தது.

“வலிச்சா கையத் தூக்குங்கய்யா.”

அந்தப் பல்லில் தட்டியபோது வலி காதுக்குப் போய் உச்சி வரைக்கும் ஏறியது. நான் கையைத் தூக்கவில்லை. வேட்டிக்கு மேலே தொடையைப் பிடித்து, நகம் பதியும்படி கிள்ளித் திருகிக்கொண்டேன். முகத்தை அசைக்கவில்லை. இரண்டாவது தடவை தட்டியது. இன்னும் பலமாகத் திருகினேன்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் கீது.”

சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இதுவரைக்கும் பல பேர் கேட்டுவிட்டார்கள். வலிக்குப் பயந்து இல்லை. நாலு பல் பிடுங்கியதில் வலியே தெரியவில்லை, ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். எனக்கு அந்தப் புளியமரம்தான் கண்ணில் நின்றது. அஞ்சாவது பல்லும் போனால் இந்த ஆளுக்குக் கரண்டு வைத்து என்ன பிரயோஜனம் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயம். வாய் நன்றாக இருக்கிறவனைத்தானே வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைப்பார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஐம்பது வருஷம் ஒரே வேலையைச் செய்தவனுக்குப் புத்தி அந்த வழியாகத்தான் போகும்.

கரண்டு வைக்கிற இடத்தில் முகத்துக்கு ஒரு கூடு செய்தார்கள். வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் வலையை முகத்தில் வைத்து அழுத்தினார்கள், ஆறியதும் முகம் மாதிரியே நின்றுவிட்டது. தினமும் படுக்கவைத்து அதை மேலே போட்டு மேசையோடு பூட்டுவார்கள். களத்தில் நெற்போர் அடிக்கும்போது மாடு நெல்லைத் தின்னக் கூடாது என்று வாய்க்கூடு கட்டுவோமே, அதே கண்ணி, அதே அளவு. உள்ளே கிடக்கிற பத்து நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையைப் பற்றி நினைக்காமல், அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருப்பேன். மிஷின் சுற்றிவரும் சத்தம் கேட்கும்போது, இது உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிடும், என் பொய்யும் அதில் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கும்.

மூன்றாவது வாரம் வாய் வெந்துபோனது. நாக்கெல்லாம் புண், எச்சில் கோந்து மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அதுவும் வற்றிவிட்டது. கூழ் குடித்தால் மண் கரைத்துக் குடிக்கிற மாதிரி, மோர் குடித்தால் மிளகாய் மாதிரி. என் வீட்டுக்காரி வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சோடா மாவும் போட்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கொப்பளிக்கவைத்தாள். நான் சின்ன வயசிலிருந்து உமிக்கரியில் பல் விளக்குகிறவன். அதை அவள் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். குழந்தைகள் பிரஷ் மாதிரி மெத்தென்ற ஒன்றும், டாக்டர் எழுதிக் கொடுத்த பேஸ்ட்டும்தான். பேச முடியாதபோது அவளிடம் விரலால் பேசினேன். ஒரு விரல் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் படுக்கப் போகிறேன். ஐந்து விரலும் விரித்தால் என்னைத் தனியாக விடு.

கட்டி கரைந்துவிட்டது. அதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. ஏழு வாரம் முடிந்து, அப்புறம் படம் எடுத்துப் பார்த்துத் தொண்டை டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். குரலும் பாதி திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் ஒரு காகிதம் கொடுத்து, தினமும் வாயை நன்றாகத் திறந்து மூடிப் பழகவேண்டும், மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நெட்டுக்கு வாய்க்குள் நுழைத்துப் பார்க்கவேண்டும் என்றார். வைத்துக் காட்டினேன். மூன்று விரல் போனது. சரி என்று வந்துவிட்டேன். காகிதம் காலண்டருக்குப் பின்னால் போனது. வாயைத் திறந்து மூடுவது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

சந்தைக்குத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு மடக்கு குடிக்காவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பால்வாடிக்குப் போகிற பிள்ளை வந்துவிட்டது என்று லாடக்காரர் கத்துவார். இந்த லாடக்காரர் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், நாற்பது வருஷப் பழக்கம். என்னை மாமா என்பார், நான் மாப்ளே என்பேன். சொந்தமெல்லாம் ஒன்றுமில்லை.

அடுத்த மழை ஓய்ந்து, நவரைப் பட்டத்து நெல்லுக்கு நாற்று விடுகிற சமயம். ஒருநாள் காலையில் கொட்டாவி விட்டேன், பாதியில் நின்றுவிட்டது. கதவு இடுக்கில் கல் மாட்டின மாதிரி. விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டுதான் போனது. அடுத்த வாரம் ஒன்றரை. ஒன்றரை விரலில் இட்லியைக்கூட நசுக்கித்தான் தள்ளவேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. அதே வாரம் அந்தப் பல் ஆரம்பித்தது.

முதலில் பச்சைத்தண்ணீர் பட்டால் கூசியது. அப்புறம் சும்மாவே இடித்தது. வலது தாடை கொஞ்சம் வீங்கியது. துண்டைத் தலையில் கட்டுகிற மாதிரி கட்டி அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டேன். கிராம்பை வைத்து அடக்கினேன்.

அப்போதுதான் பழையசீவரத்துக்காரர் ஞாபகம் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நான் காதைத் திருகி விற்றுக் கொடுத்த ஒரு மாட்டை வாங்கிக்கொண்டு போனவர். இரண்டு மாதம் கழித்து அதைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தார். மாட்டின் தாடை ஒரு பக்கம் தேங்காய் அளவு வீங்கி, சீழ் வடிந்துகொண்டிருந்தது. அவர் சண்டை போடவில்லை. இது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று மட்டும் கேட்டார். உன் கொல்லையில் முள்ளைத் தின்றிருக்கும் என்று சொன்னேன். அவர் மாட்டைப் புளியமரத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். கண்ணாடியில் என் தாடையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாட்டின் முகம்தான் தெரிந்தது.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாவது நாள் காலையில் லாடக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இடுக்கியால் சந்தையில் எத்தனையோ பேருக்கு ஆடின பல்லைப் பிடுங்கியிருக்கிறார். விளையாட்டு மாதிரி செய்வார், வலிக்காது. விஷயத்தைச் சொன்னேன். வெந்நீரில் இடுக்கியைப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார்.

“தொற மாமா.”

“தொறந்துக்கினுதான் கீறேன்.”

“இது தொறக்கறதா? இன்னா மாமா, வெக்கப்பட்ற பொண்ணு மாதிரி.”

இடுக்கியின் மூக்கைக் கோணலாக வைத்து நுழைத்துப் பார்த்தார். முன்பல்லில் இடித்தது. பக்கவாட்டில் வைத்தார். கன்னம் விரியவில்லை. கட்டை விரலால் தாடையைக் கீழே தள்ளினார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. இடுக்கியைக் கட்டிலில் வைத்தார்.

“ஆயிரம் மாட்டு வாயத் தொறந்த ஆளு. உன் வாயி தொறக்க மாட்டேங்குது. இது பல்லு நோவு இல்ல மாமா. எனக்கு பயமா கீது.”

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரி படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் இரண்டு நாளாக இடது பக்கமே மெல்லுவதை அவள் பார்த்திருக்கிறாள், நான் கிளம்பியதும் பின்னாலேயே வந்திருக்கிறாள். கட்டிலில் கிடந்த இடுக்கியைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி? கரண்டு வெச்சதுக்கு அப்பால பல்லு மேல யாரும் கைய வெக்கக் கூடாது, குயி ஆறாதுன்னு சொல்லிச்சா இல்லியா?”

“எனக்கு ஞாபகம் இல்ல.”

“எனக்கு கீது. எந்திரி.”

பஸ்ஸில் போகும்போது அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அதே பல் டாக்டர்தான். விளக்கைப் போட்டு, இடுக்கு வழியாகப் பார்த்தது, படம் எடுத்தது. படத்தையும் பழைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. என் வாழ்க்கையில் பல பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“அன்னிக்கு இந்தப் பல்லத் தட்டினப்ப வலிச்சுதா, ஐயா?”

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

“வலிச்சிது. தொடையக் கிள்ளிக்கினு சொல்லாத உட்டுட்டேன்.”

என் வீட்டுக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாட்டுக் காதைத் திருகுகிற கதை அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னது. இப்போது இந்தப் பல்லைப் பிடுங்க முடியாது. பிடுங்கினால் அந்த இடத்தில் எலும்பு செத்துப்போய் வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். அப்படி ஆனால் மாசக்கணக்கில் சீழ் வடியும், சில பேருக்குத் தாடையே ஒடிந்திருக்கிறது. ஒரே வழி, பல்லுக்குள்ளே இருக்கிற நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்துவிட்டு, மேலே தெரிகிற பாகத்தை ஈறு மட்டத்துக்கு அறுத்துவிட்டு, வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிடுவது. ஆனால் அதற்குக் கருவி உள்ளே போகவேண்டும். ஒன்றரை விரலில் போகாது. குறைந்தது இரண்டரை விரல் வேண்டும். வீக்கத்துக்கு மாத்திரை தருகிறேன், ஒரு மாதம் தாங்கும். அதற்குள் வாயைத் திறந்துகொண்டு வாருங்கள். நடுவில் சீழ் வைத்துவிட்டால் வேறு வழி இல்லாமல் பிடுங்கவேண்டி வரும். அது நடக்கக் கூடாது.

லாடக்காரர் இடுக்கி காலையில் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் படத்தில் என் தாடை எலும்பைத் தொட்டுக் காட்டியது. நான் எந்த வாய் மூடிக்கொண்டதே என்று அழுதேனோ, அந்த மூடின வாய்தான் என் தாடையைக் காப்பாற்றியிருக்கிறது.

ஐஸ் குச்சி கொடுத்தது. குழந்தைகள் சப்பிப் போடுகிற அதே தட்டைக் குச்சி, புதுசு, ஒரு கட்டு. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பழகப் பழக இன்னொரு குச்சியைச் சொருகவேண்டும். முதல் நாள் பதினொன்று. பதினெட்டு ஆனால் வா என்றது.

அந்த ஒரு மாதம் மாதிரி ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை. தொண்டையில் புற்று என்று சொன்ன நாளில்கூட இவ்வளவு நடுங்கவில்லை. அது யாரோ செய்த மாதிரி இருந்தது. இது நானே செய்தது. காலையில் கண் விழித்ததும் நாக்கு அந்தப் பல்லுக்குப் போகும். வீங்கியிருக்கிறதா, சீழ் ருசி இருக்கிறதா என்று தடவும். ருசியே தெரியாத நாக்குக்குச் சீழ் ருசி எப்படித் தெரியும் என்று அப்புறம் தோன்றும். உடனே என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு முகரச் சொல்வேன். அவள் முகத்தைச் சுளிக்காமல் முகர்ந்துவிட்டு, இல்லை என்பாள். நிஜமாகச் சொல்கிறாளா, என் மாதிரி தொடையைக் கிள்ளிக்கொண்டு சொல்கிறாளா என்று அவள் கையைப் பார்ப்பேன்.

குச்சிகளை அவள்தான் நூலால் கட்டி வைப்பாள். வேளைக்கு வேளை வெந்நீரில் அலசி, வெள்ளைத்துணியில் உலர்த்துவாள். தாடைக்குச் சுடுதண்ணீர்த் துணி வைத்து ஒற்றிவிட்டு, பிறகு சொருகுவோம். பன்னிரண்டு, பதிமூன்று சுலபமாகப் போனது. பதினாலில் நின்றுவிட்டது. ஆறு நாள் பதினாலே. பதினைந்தாவது குச்சியை முனையில் வைத்தாலே காதோரம் கிழிகிற மாதிரி இருக்கும். நாள் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரைப் பட்டை காலியாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலையில் தாடை சூடாக இருந்த மாதிரி தோன்றியது. வெயிலில் உட்கார்ந்திருந்ததால் சூடா, உள்ளிருந்து சூடா என்று தெரியாமல், இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் இருந்தேன்.

சாயங்காலம் சாயங்காலம் லாடக்காரர் வருவார். அன்றைக்கு அவர் இடுக்கியை எடுத்தது அவரையும் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. வந்ததும் ஒன்றும் கேட்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போடுவார். உள்ளே என் விரலைப் பிடிப்பார். இரண்டு விரலைப் பிடித்து, மூன்றாவதின் பாதியைத் தொட்டு நிறுத்துவார். இரண்டரை ஆயிற்றா என்று அர்த்தம். நான் அவர் கையை விலக்கி, இரண்டைப் பிடித்துக் கொடுப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வாயால் சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். துண்டுக்குள் வராது.

ஏழாவது நாள் பதினைந்து போனது. எப்படி என்று தெரியாது. அன்றைக்கு என் வீட்டுக்காரி குச்சியைச் சொருகிவிட்டு, அடுப்பில் பால் பொங்கிய சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டாள். வர நேரமாயிற்று. அதுவரைக்கும் எடுக்காமல் பிடித்திருந்தேன். வந்து எண்ணிப் பார்த்து, தெரியாமல் ஒன்று சேர்த்துக் கட்டிவிட்டேன் என்றாள். தெரியாமல்தான் கட்டினாளா என்று நான் கேட்கவில்லை.

பதினேழில் மாத்திரை தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். போவதா, இருப்பதா என்று காலையெல்லாம் யோசித்தோம். அவள் என் விரலைப் பிடித்து அளந்து பார்த்து, உன் விரலைவிட டாக்டர் விரல் ஒல்லி என்றாள். கிளம்பிப் போனோம்.

நாற்காலியில் சாய்த்து, இடது பக்கப் பல்லுக்கு நடுவில் ஒரு ரப்பர் கட்டையை வைத்தார்கள். வலையைப் பூட்டின நாட்கள் ஞாபகம் வந்தன. டாக்டர் தன் விரலை வைத்துப் பார்த்தது. இரண்டு போனது. மூன்றாவதின் பாதியும் போனது. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் என் கை இரண்டையும் எடுத்து வயிற்றின்மேல் வைத்தது.

“கை இங்கயே இருக்கணும். தொடைக்குப் போகக் கூடாது. வலிச்சா தூக்கிடணும்.”

மூன்று தடவை கூப்பிட்டு வேலையை முடித்தது. இரண்டு இடத்தில் கையைத் தூக்கினேன். இரண்டு தடவையும் நிறுத்தி ஊசி போட்டுவிட்டுத்தான் தொட்டது. கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள் என்பது எனக்குப் புதுசாக இருந்தது.

இப்போது அந்த இடத்தில் பல் தெரியாது. வேர் உள்ளே இருக்கிறது. இது தீர்ந்துபோன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை போய்க் காட்டவேண்டும். எலும்புக்கு எப்போது வேண்டுமானாலும் கேடு வரலாமாம், வருஷம் ஆனாலும். போன மாதம் நாக்கில் கூராக ஒன்று தட்டியது. எலும்புதான் வந்துவிட்டது என்று அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. போய்க் காட்டினால், பக்கத்துப் பல்லில் ஒரு முனை உடைந்திருக்கிறது என்று தேய்த்துவிட்டார்கள். குச்சி இன்னும் தினமும் வைக்கிறேன். பதினெட்டுக்குக் குறையவிடவில்லை. பாட்டில் தோளில்தான் இருக்கிறது.

நேற்று தாமலிலிருந்து ஒருத்தர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய அண்ணனுக்குத் தொண்டையில் கரண்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். எப்படி இருக்கும், வலிக்குமா, சோறு இறங்குமா என்று கேட்டார். அதையெல்லாம் சொன்னேன். அவர் வண்டியை எடுக்கப் போனபோது பின்னாலேயே போய் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். தொண்டை காய்ந்துவிட்டது, ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

“உங்க அண்ணனாண்ட ஒண்ணு சொல்லுப்பா. கரண்டு வெக்கறதுக்கு முன்ன பல்லத் தட்டிப் பாப்பாங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லச் சொல்லு. பல்லு போனா ஒண்ணும் ஆவாது, யாரும் எங்கியும் ஏத்திக்கினு போவ மாட்டாங்க. வெச்சதுக்கு அப்பால எவனும் பல்லு மேல கைய வெக்கக் கூடாது. வாய தினமும் தொறந்து மூடச் சொல்லு. மறந்துடாத. அவரு அங்க வரிசைல குந்திக்கினு இருக்கறப்ப பக்கத்துல யாரு இருந்தாலும் அவங்களாண்டயும் சொல்லச் சொல்லு.”